ஃபுல் டவர், வராத போன்

அண்ணனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "வெளிச்சத்தை மறைக்காதடி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் அண்ணி. நான் தள்ளி உட்கார்ந்தேன். எதுவும் நடக்காத காலைகளில் எனக்கு நினைவிருக்கும் கடைசிக் காலை அதுதான். அந்த வாரம் முடிவதற்குள் அண்ணி போய்விட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்த கடைசி வழக்கும் அன்றைக்கே வந்தது என்பதால், அதை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. அண்ணி அதற்கு முன்னால் டெலிபோன் ஆபீசில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவர். காலையிலிருந்து மாலைவரை பிறர் குறைகளைக் கேட்டுக் கேட்டு, எது உண்மைக் குறை, எது பொழுதுபோகாத குறை என்று முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் அவருக்கு நாத்தனார். உதவியாளர் வேலையும் என்னுடையதுதான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் நாள் முழுக்கச் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேள்விப்படுகிறவர்கள், முதலில் அதைத் துப்பறிய வேண்டும் என்பார்கள்.

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். சாம்பல் நிறச் சீருடை. மார்பில் ஒரு லிப்ட் கம்பெனியின் முத்திரை.

"வாங்க. லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு உங்களை ஏற வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"நான் லிப்ட் மெக்கானிக்குங்க. ராத்திரி டூட்டி. வீட்டுலதான் இருக்கணும், போன் வந்தா ஓடணும். போன வாரம் ஒரு பல் டாக்டரம்மா கிளினிக்கை மூடிட்டு இறங்கறப்ப லிப்ட் நடுவுல நின்னுபோச்சு. ஆபீஸ்லருந்து எனக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்காங்க. எனக்கு ஒரு போனும் வரலை. கடைசியில தீயணைப்புக்காரங்க வந்து கதவை உடைச்சுத் தூக்கியிருக்காங்க. அந்தம்மாவுக்கு ஆஸ்துமா இருக்காம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லாயிருக்காங்க. நானே போய்ப் பார்த்தேன். ஆனா நான் போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்னு மேனேஜர் முடிவே பண்ணிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் விசாரணை. வேலை போனாக்கூடப் பரவாயில்லைம்மா, வேற தேடிக்கலாம். ஒருத்தங்க மூச்சு முட்டிக்கிட்டு இருக்கறப்ப தூங்கினவன்னு பேரு வந்துட்டா, அதை எங்க போய்க் கழுவுறது?"

"தூங்கினீங்களா?"

"இல்லம்மா. போனை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஃபுல் டவர் இருந்துச்சு."

அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, சத்தியம் கிடையாது. அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

"உங்க வீட்டுல எப்பவுமே ஃபுல் டவர்தானா?"

"முன்னாடியெல்லாம் ஒரு கோடுதான் காட்டும். கீழ்வீடு, பின்பக்கம், எதிர்ல பெரிய சுவர். இப்பதான், இதைப் போட்ட பிறகு..." என்று போனின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தங்க நிறத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். அதில் கோலம்போல வளைந்து வளைந்து கோடுகள். "கடைவீதியில வாங்கினேன். டவரை இழுத்துக் குடுக்கும்னான். முதல் நாள் ஒண்ணும் தெரியலை. செட் ஆக ஒரு நாள் ஆகும்போல. மறுநாள்லருந்து பாருங்க, ஃபுல்!"

அந்த 'ஃபுல்'லைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அண்ணி போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "எத்தனை கோடு இருக்கு?"

"ரெண்டு."

"உன் போன்ல?"

"ரெண்டு."

"ஸ்டிக்கர் அவர்கூட இங்க வந்திருக்கு. டவர் வரலியே?"

"வெளியில வந்தா பேசாது போல அண்ணி. கூச்ச சுபாவம்."

"அப்ப ஃபுல் டவர் குடுக்கிறது இந்த ஸ்டிக்கர் இல்லை" என்று எழுந்தார் அண்ணி. "வீட்டுல இருக்கிற வேற ஏதோ ஒண்ணு. முதல்ல ஸ்டிக்கர்காரனைப் பார்த்துட்டு, அப்புறம் வீட்டுக்குப் போவோம். செருப்பைப் போடு."

கடைவீதியில் ஸ்டிக்கர்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை. "டவர் வேணுமா, டவர்!" என்று கூவிக்கொண்டிருந்தார். தகரக் கூரை போட்ட, மூன்று பக்கமும் தகரம் அடைத்த சின்னக் கடை. போன் உறைகள், சார்ஜர்கள், தொங்கும் ஒயர்கள். மெக்கானிக்கைப் பார்த்ததும், "வாங்கண்ணே! எப்படி இருக்கு நம்ம சரக்கு?" என்றார்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டிக் காட்டுங்க" என்று அண்ணி தன் போனை நீட்டினார்.

கடைக்காரர் அதை வாங்கிக் கடைக்குள் கொண்டுபோய், அண்ணியையும் உள்ளே கூப்பிட்டு, "பாருங்கக்கா, இப்ப எத்தனை? ஒண்ணுதான். நல்லாப் பார்த்துக்கங்க" என்றார். மூடியைக் கழற்றினார். ஸ்டிக்கரை எடுத்து மந்திரம் போடுகிறவர் மாதிரி ஒட்டினார். மூடினார். பேசிக்கொண்டே நடைபாதைக்கு வந்து, இரண்டு கையாலும் போனைத் திருப்பித் தந்தார். "இப்ப பாருங்க!"

நான்கு கோடு!

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அண்ணி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "இவ போன்லயும் பண்ணுங்க. ஆனா ஸ்டிக்கரை நான் ஒட்டறேன்."

என் போனுக்கும் அதே பூஜை நடந்தது. உள்ளே ஒன்று, வெளியே நான்கு. கடைக்காரர் வெற்றியோடு பார்த்தார். அண்ணி தன் உள்ளங்கையை விரித்தார். ஒட்டாத ஸ்டிக்கர் அதில் இருந்தது.

"தம்பி, போனைத் தகரத்துக்கு அடியில வாங்குறீங்க. வானத்துக்கு அடியில குடுக்கறீங்க. நடுவுல இந்த ஸ்டிக்கருக்கு என்ன வேலை?"

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்க தயவுசெஞ்சு மெதுவாப் பேசுங்க. ஸ்டிக்கர் ஒரு மன திருப்திக்குத்தான். நிஜமாவே டவர் வேணும்னா பெட்டி இருக்கு. கரண்ட்ல ஓடுறது. ஒயரைச் சன்னல் பக்கம் தொங்கவிட்டா, வெளிய இருக்கிற டவரை வாங்கி வீடு பூரா அள்ளி எறியும். அது பொய் இல்லக்கா, சத்தியமா!"

"யாருக்காவது வித்தீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. யாருன்னு கேக்காதீங்க. சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. யாவாரத்துல ஒரு நேர்மை வேணாமா?"

"ஸ்டிக்கர் விக்கிறப்ப அந்த நேர்மை சாப்பிடப் போயிருந்துச்சா?" என்றேன் நான். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மெக்கானிக் வீடு இருந்த கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றே வீடுகள். கீழே மெக்கானிக்கும் மனைவியும். நடுவில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டியூஷன் டீச்சர். உச்சியில் இருந்தவர் ரேடியோப் பைத்தியம். மொட்டைமாடியில் பழைய ஆண்டெனாக்களைக் காடாக வளர்த்து வைத்திருந்தார். அந்தக் காட்டை அண்ணாந்து பார்த்ததுமே நான் வழக்கை முடித்துவிட்டேன்.

"அண்ணி, ஆள் மேல இருக்காரு. கை விலங்கு கொண்டு வந்தீங்களா?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வா."

வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்று போன்களையும் எடுத்துப் பார்த்தோம். அண்ணியுடையது, என்னுடையது, மெக்கானிக்குடையது. மூன்றிலும் கோடுகள் நிறைந்திருந்தன. என் போனில் ஸ்டிக்கர் இல்லை. மெக்கானிக் அதைக் கவனித்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் போலீஸ் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது.

அப்போது டியூஷன் டீச்சர் படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "டெலிபோன் கம்பெனியா? நல்ல வேளை வந்தீங்க. கொஞ்ச நாளா டவர் கொட்டிக் கெடக்கு, ஒரு போனும் வர மாட்டேங்குது. எங்க மாமியார் போன் மட்டும் எப்படியோ வந்துடுது."

"அவங்களுக்கு மட்டும் எப்படி?" என்றார் அண்ணி.

"அதைத்தான் நானும் யோசிச்சேன். அவங்களுக்குன்னு ஒரு ராசி. கரண்ட் போயிடும், ஃபேன் நிக்கும், நான் விசிறிக்கிட்டு உக்காந்திருப்பேன், கரெக்டா போன் அடிக்கும். 'ஏம்மா, இவ்வளவு நேரமா எடுக்கலை?'ன்னு கேப்பாங்க. என்னவோ கரண்டை அவங்களே அணைச்சுட்டுக் கூப்பிடுற மாதிரி!"

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. இந்த வழக்கை அவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

ஃபியூஸ் பலகை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வீட்டுக்கு ஒரு ஃபியூஸ். அண்ணி வேலையைப் பிரித்துக்கொடுத்தார். மெக்கானிக் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். அண்ணி தெருவில் நின்று மெக்கானிக்கின் நம்பரை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார். நான் கூடத்தில் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மெக்கானிக்கின் மனைவி எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்! மணி கேக்குதா?" தெருவிலிருந்து அண்ணியின் குரல்.

"இல்லை அண்ணி! ஃபுல் டவர், செத்த போன்!"

"மேல் வீட்டை எடுங்க!"

மாடிப்படிக்கு அடியில் ஃபியூஸ் கட்டையை உருவும் சத்தம். உச்சியிலிருந்து, "யாருய்யா அது, செய்தி கேட்டுக்கிட்டு இருக்கேன்ல!" என்று ஒரு கூச்சல். மேஜையில் இருந்த போன் அசையவில்லை. என் விலங்கு வீணாகிப்போனது.

"நடு வீடு!"

டீச்சர் வீட்டு ஃபேன் நிற்கும் சத்தம்கூடக் கேட்டது. போன் அப்படியேதான் இருந்தது.

மெக்கானிக் அங்கிருந்தே சொன்னார். "இனி நம்ம வீடுதான் பாக்கி. அதை எதுக்கு... சரி, அதையும் எடுக்கறேன்."

"வேணாங்க!" என்று அவர் மனைவி எழுந்துவிட்டார்.

அதற்குள் எங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுழற்சி குறைந்தது. போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து ஒன்றே ஒன்றில் வந்து நின்றன. அடுத்த மூச்சில் போன் மேஜை அதிர அடித்தது.

அதை நான் எடுக்கவில்லை. மெக்கானிக்கின் மனைவி நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் கூடத்துக்கு வந்ததும், யாரும் கேட்காமலேயே மெக்கானிக்கின் மனைவி படுக்கையறைக்குப் போனார். அலமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஒயர் வால்போல் தொங்கியது.

"இவரு தினமும் ராத்திரி போனைக் கையில வெச்சுக்கிட்டுத் தெருமுனையில போய் நிப்பாருங்க. வீட்டுல டவர் இல்லைன்னு. மழை பெஞ்சாலும் குடை பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அப்புறம் அந்த ஸ்டிக்கரை வாங்கிட்டு வந்து, 'இனிமே நான் வீட்டுலயே இருப்பேன்'னு சொன்னாரு. ஒட்டிப் பார்த்தாரு. ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு அவரு முகத்தைப் பார்க்க முடியலைங்க. கடைக்காரனைத் திட்டலாம்னுதான் போனேன். அவன் இதைக் குடுத்தான். இவருக்குத் தெரியாம மாட்டி வெச்சேன். மறுநாள் காலையில 'பாத்தியா, ஸ்டிக்கர் செட் ஆயிடுச்சு!'ன்னு வீடு பூரா சுத்தி வந்தாரு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

மெக்கானிக் தன் போனின் பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"அப்ப இந்த ஸ்டிக்கர்?"

"அழகா இருக்குங்க" என்றேன்.

அண்ணி பெட்டியைத் தடவிப் பார்த்தார். "மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா கீ...ன்னு கத்துமில்ல? அதேதான். இதோட ரெண்டு ஆண்டெனாவும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கு. தன் சத்தத்தைத் தானே வாங்கித் தானே கத்துது. நம்ம காதுக்குத்தான் கேக்கறதில்லை. டவர் சொல்றது போனுக்கு நல்லாக் கேக்குது. அதனால ஃபுல்லு காட்டுது. போன் திருப்பிச் சொல்ற பதில்தான் டவருக்குப் போகறதில்லை. பதில் இல்லைன்னா டவர் என்ன நினைக்கும்? ஆள் இல்லைன்னு நினைக்கும்."

"எங்க அண்ணன் மாதிரி" என்றேன். "நீங்க பேசறது எல்லாம் கேக்கும். பதில் மட்டும் வராது."

இந்த முறை மெக்கானிக்கின் மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"இதை ஆபீஸ்ல சொல்ல வேணாம்மா. இவ பேரு அடிபடும். நான் தூங்கினதாவே இருந்துட்டுப் போகட்டும்."

"என்ன பேச்சு இது?" என்றார் அவர் மனைவி. "நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்திருந்தவ நான். பெட்டியைக் குடுங்க. நானே தூக்கிக்கிட்டு வரேன்."

லிப்ட் கம்பெனி ஆபீசில் ஒரு பெண் வாசல் மேஜையில் இருந்தார். அண்ணி அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி மேனேஜர் எப்போது வீட்டுக்குப் போவார் என்று விசாரித்தார். "அஞ்சு நிமிஷம் லேட் ஆனாலும் வீட்டுலருந்து அவர் செல்லுக்குப் போன் வந்துடும்" என்று அந்தப் பெண் சிரித்தார். அண்ணி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப நாம அவசரப்பட வேணாம்" என்று என் காதில் சொன்னார்.

மேனேஜரின் அறை உள்ளே தள்ளி இருந்தது. அண்ணி சொன்னதையெல்லாம் அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பெட்டி மேல பழி போட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பார்க்கறீங்க. ஃபுல் டவர் இருந்தா போன் எப்படிங்க வராம இருக்கும்?"

"உங்க போனை மேஜை மேல வைங்க சார்" என்று அண்ணி பெட்டியின் ஒயரைச் சன்னலில் தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

மேனேஜர் தன் போனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! இந்த ரூம்ல நான் ஃபுல்லாப் பார்த்ததே இல்லை. எங்க விக்கிறாங்க?"

"அதை அப்புறம் சொல்றேன்" என்றார் அண்ணி. பிறகு பேச்சை இழுத்தார். லிப்ட் பழுதைப் பற்றிக் கேட்டார். மேனேஜரின் மூட்டு வலியைப் பற்றிக் கேட்டார். அந்த நாற்காலியின் சௌகரியத்தைப் பற்றிக் கேட்டார். மூட்டு வலிக்கு அண்ணி ஒரு தைலம் சொன்னபோது நானே பொறுமை இழந்துவிட்டேன். மெக்கானிக் சுவரோரமாக நின்றார். அவர் மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. வாசல் மேஜைப் பெண்.

"சார், ஆபீஸ் லைன்ல உங்க வீட்டம்மா இருக்காங்க. ரொம்ப நேரமா உங்க செல்லுக்கு அடிச்சுப் பார்த்தாங்களாம், போகவே இல்லையாம். 'போனை ஆஃப் பண்ணிட்டு எங்க தூங்கறாரு?'ன்னு கேக்கறாங்க."

மேனேஜர் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார். கோடுகள் நிறைந்திருந்தன. ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை. அவர் மெல்லத் தலையைத் திருப்பி மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நான் தூங்கலைன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லுங்களேன்" என்றார்.

"நாங்க சொல்றோம் சார்" என்றார் அண்ணி. "நீங்க இவரைப் பத்தி அதையே டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க."

மேனேஜர் எங்கள் எதிரிலேயே ஆபீஸ் லைனில் பல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். மெக்கானிக் தூங்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரலைக் கூட்டிச் சொன்னார். அண்ணி அதோடு விடவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்குச் செல்போனை நம்புவது தப்பு, இவர் வீட்டுக்கு ஒயர் போட்ட பழைய மாதிரிப் போன் ஒன்று கம்பெனியே வைத்துத் தர வேண்டும் என்று அடம்பிடித்தார். பெட்டியை மாட்டுவது சட்டப்படி தப்பு என்று சொல்லி அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒயர் போன் அந்த வாரமே வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணிக்குக் கூப்பிட்டு நம்பர் சொன்னார். அண்ணி அதை எனக்குத் திருப்பிச் சொல்லி, மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அண்ணன் ஒன்றும் பேசாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்தேன். உறவுக்காரர்களுக்கு அடித்தேன். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவருடையது போகவில்லை, ஒருவர் எடுத்தார், நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்த அந்த நம்பரை அடித்தேன். மெக்கானிக்கும் அவர் மனைவியும்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். அண்ணனுக்கு மெக்கானிக்தான் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்.

நிலையத்தை நான் ஒருத்தியாகத்தான் நடத்துகிறேன். மெக்கானிக் இப்போதும் ராத்திரி டூட்டியில்தான் இருக்கிறார். எப்போதாவது, வேலை எதுவும் இல்லாமலே, அந்த நம்பருக்கு அடிக்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.